தாழிய விடுங்க, அது கெடக்க எடத்த பாருங்க

தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூருக்கு போறவங்க எல்லாருமே, அந்தக் காலத்துல செத்தவங்கள உள்ள வச்சு பொதைச்ச தாழியத்தான் பாக்காங்க. கண்ணாடித் தரை மேல நின்னு குனிஞ்சு பாத்து, நாலு போட்டோ எடுத்து, "யம்மாடி, எவ்ளோ பெரிய பானை"ன்னு சொல்லிட்டு அப்படியே திருச்செந்தூர் பாத்து வண்டிய விட்டுருவாங்க. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், செத்த நேரம் தாழிய விட்டுட்டு அது கெடக்க எடத்த பாருங்க. சுத்தி நடந்து பாருங்க. அது பரம்பு. சரளையும் வெங்கச்சங்கல்லுமா (குவார்ட்ஸ்) கெடக்க மேட்டு நெலம், ஒரு மரக்கா நெல்லு வெளையாது, உடை மரமும் முள்ளுந்தான் வரும். அங்கன நின்னு வடக்க பாத்தா பச்சப்பசேல்னு வயலும் வாழையும், அதுக்கு அங்கிட்டு பொருநை ஆறு, தாமிரபரணிதான். வெளையிற மண்ணுல ஒரு சாண் கூட செத்தவங்களுக்குன்னு எடுக்கல பாத்துக்கிடுங்க. வயல உயிரோட இருக்கவங்களுக்கு விட்டுட்டு, ஆத்துக்கு பக்கத்துலயே ஆனா வெள்ளம் ஏறாத மேடா, உழவுக்கு ஆகாத கட்டாந்தரையா தேடிப் புடிச்சு நூறு ஏக்கருக்கு மேல அவ்வளவு பேரையும் அங்க வச்சிருக்காங்க.

1876ல பெர்லின்லருந்து வந்த யாகோர்தான் மொதல்ல இங்க தோண்டுனவரு, எடுத்தத ஜெர்மனிக்கு கொண்டு போயிட்டாரு. அதுக்கப்புறம் 1899லருந்து 1905 வரைக்கும் தொல்லியல் துறையில இருந்த அலெக்சாண்டர் ரியா தோண்டுனாரு. அவரு கண்டெடுத்த வெண்கலச் சாமான், தங்கத்துல செஞ்ச நெத்திப்பட்டம் எல்லாத்தையும் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. எனக்கு அவரு எழுதிவச்சதுலயே ரொம்ப புடிச்சது வேற. மேல சுமார் மூணடிக்கு சரளை மண்ணு, கீழ பாறை, அந்தப் பாறைய ஒவ்வொரு தாழிக்கும் தனித்தனியா குடைஞ்சு, ரெண்டு குழிக்கும் நடுவுல பாறையவே சுவராட்டம் விட்டு வச்சிருக்காங்கன்னு சொல்றாரு. வெங்கச்சங்கல்ல குடையுறதுன்னா என்னன்னு வீட்டுக்கு வானம் (அஸ்திவாரம்) தோண்டுற ஆளுகள்ட்ட கேட்டுப் பாருங்க, கடப்பாரை முனை மழுங்கிரும். அவ்வளவு கஷ்டத்தையும் பட்டுத்தான் அந்த எடத்த எடுத்திருக்காங்க. 2019ல வந்த கார்பன் கணக்குல ஆதிச்சநல்லூர் பொருளுக்கு கிமு 905, கிமு 696ன்னு ரெண்டு தேதி கெடச்சுது, அதுக்கப்புறம் பக்கத்துல சிவகளையில தாழிக்குள்ள கெடந்த நெல்லு கிமு 1155ன்னு வந்துச்சு.

இத நான் ஏன் இவ்வளவு தூரம் இழுக்கேன்னா நான் பாக்குற வேலை அப்படி. பாளையங்கோட்டையில வீட்டுக்கு பிளான் போட்டு குடுக்கேன். வாரவங்க மொதல்ல கேக்குறது எலிவேஷன் எப்படி இருக்கும்னுதான், அப்புறம் எத்தனை பெட்ரூம், அப்புறம் வாஸ்து. மண்ணு என்ன மண்ணு, மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும், இதக் கேக்குறவங்க ரொம்ப கொறவு. வயலா கெடந்ததுல ரெண்டு லோடு செம்மண்ண அடிச்சு நெரவி, கலர் அடிச்ச கல்ல நட்டு பிளாட்டுன்னு விக்காங்க, நம்ம ஆளுகளும் வாங்குதாங்க. 2023 டிசம்பர்ல என்ன நடந்துச்சுன்னு நம்ம பக்கத்துல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலு ஆளுகளோட நின்னுபோச்சு, தாமிரபரணி ரெண்டு கரையும் தாண்டி ஓடுச்சு. தண்ணி எங்கெல்லாம் வந்துச்சுன்னா முன்னாடி எங்கெல்லாம் ஓடிச்சோ அங்கெல்லாம்தான் வந்துச்சு, அதுக்கு பட்டா பத்திரமெல்லாம் தெரியாது. அந்த வாரம் இடுப்பளவு தண்ணி நின்ன வீடுகளுக்குள்ள போய் பாத்துட்டு வந்தப்புறம் பரம்ப நான் பாக்குற பார்வையே மாறிப்போச்சு. செத்தவங்களுக்கு எடம் பாத்ததுலயே அவங்க இவ்வளவு கவனமா இருந்திருக்காங்க.

அதுக்கப்புறம் உலகத்துல மத்த எடங்கள பத்தி படிக்க படிக்க எனக்கு இதே விசயந்தான் திரும்பத் திரும்ப கண்ணுல படுது. குகை ஓவியம்னாலும் சரி, பெருங்கல் கட்டடம்னாலும் சரி, கைய வைக்கிறதுக்கு முன்னாடி எடத்த பாத்திருக்காங்க, பாறைய தடவிப் பாத்திருக்காங்க, வெளிச்சம் எங்கருந்து வருதுன்னு பாத்திருக்காங்க. கலை வரலாறுன்னு எழுதுறவங்க கோடு, கலரு, மிருகம்னு பேசிட்டு இந்த பாதிய விட்டுருதாங்க, அதுதான் எனக்கு ஆத்தாமை.

ஸ்பெயின்ல அல்தமிரா குகை. 1879ல அந்த நெலத்துக்காரரு சவுத்துவோலா தரையில கல்லாயுதம் கெடக்குதான்னு தோண்டிகிட்டு இருக்காரு, கூட வந்த எட்டு வயசுப் பிள்ள மரியா அண்ணாந்து பாத்துட்டு "அப்பா, மாடு!"ன்னு கத்துது. கூரை தாழ்வா இருந்த எடம் அது, பெரியவங்க குனிஞ்சுதான் போகணும், அவரு கீழயே பாத்ததுல ஆச்சரியம் இல்ல. கூரை முழுக்க காட்டெருமை, செகப்பும் கருப்பும் பூசுனது. இப்போ போட்டோவுல பாக்குறவங்களுக்கு தட்டையான படமாத்தான் தெரியும், நேர்ல அந்தக் கூரை தட்டை கெடையாது, புடைப்பு புடைப்பா தொங்குது, ஒவ்வொரு புடைப்பும் ஒரு மிருகத்தோட ஒடம்பு. புடைப்பு உருண்டையா இருக்க எடத்துல காலு மடக்கி படுத்துக் கெடக்க எருமை, பாறையில இருக்க வெடிப்பு சில எடத்துல முதுகுக் கோடாவே ஆயிருக்கு. வரைஞ்சவன் (வரைஞ்சவளாக் கூட இருக்கலாம்) ஒரு விளக்க புடிச்சுகிட்டு மல்லாந்து பாத்துகிட்டே கெடந்திருக்கணும், எந்த புடைப்புக்குள்ள எந்த மாடு இருக்குன்னு தெரியுற வரைக்கும். இது நடந்து 14,000 வருசத்துக்கு மேல ஆச்சு. சவுத்துவோலா சொன்னத அன்னைக்கு பெரிய ஆராய்ச்சியாளர்கள் முக்காவாசிப் பேரு நம்பல, கற்கால மனுசன் இப்படி வரைஞ்சிருக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க, அவரு 1888ல அந்த அவமானத்தோடயே செத்துப்போனாரு. எதிர்த்தவங்கள்ல முக்கியமானவரு கார்த்தையாக், அவரு 1902ல தான் தப்புன்னு ஒத்துகிட்டு எழுதுனாரு, பதினாலு வருசம் லேட்டு. இதப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

பிரான்ஸ்ல பெஷ் மெர்ல்னு ஒரு குகை. புள்ளி புள்ளியா ரெண்டு குதிரை, சுமார் 29,000 வருசம் பழசு. அந்தப் பாறையோட வலது ஓரம் இயற்கையாவே குதிரைத் தலை மாதிரி உடைஞ்சு நிக்கி. அதப் பாத்துத்தான் அந்த எடத்துல குதிரைய வரைஞ்சிருக்காங்க, பாறை காட்டுன தலைக்குள்ள தான் ஒரு சின்னத் தலைய வரைஞ்சு வச்சிருக்காங்க. சுத்திலும் கை அச்சு. லோர்பிளான்ஷேன்னு ஒரு தொல்லியல்காரரு இத எப்படி செஞ்சிருப்பாங்கன்னு வேற ஒரு குகையில தானே செஞ்சு பாத்தாரு. கரித்தூள வாயில போட்டு எச்சியோட சேத்து மென்னு, கைய அணை குடுத்து ஊதி ஊதி வரைஞ்சிருக்காரு, முழுசா முடிக்க 32 மணி நேரம் ஆச்சாம். ஒருத்தரோட மூச்சு அப்படியே சுவத்துல போய் ஒட்டியிருக்கு, பிரஷ்ஷே இல்ல.

இன்னொரு விசயம் சத்தம். 1980கள்ல ரெஸ்னிகாஃப்னு ஒருத்தர் அந்தப் பக்கத்து குகைகள்ல பாடிகிட்டே நடந்து பாத்தாரு, எங்கெல்லாம் குரல் நல்லா கொழுகொழுன்னு திரும்பி வருதோ அங்கதான் படமும் நெறையா இருக்குன்னு கண்டுபுடிச்சாரு. அப்போ கண்ணால மட்டும் எடம் பாக்கல, காதாலயும் பாத்திருக்காங்க. கர்நாடகாவுல ஹிரே பெனகல்னு ஒரு மலை, பெரிய கல்லுகள நட்டு கட்டுன பழங்காலத்து கல்திட்டைக நானூறு பக்கம் இருக்கு, அதுக்கு மேல ஒரு பெரிய குண்டுப் பாறை, தட்டுனா முரசு மாதிரி சத்தம் வரும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண தட்டிப் பாத்து வளந்த நமக்கு கல்லுக்குள்ள சத்தம் இருக்குங்கிறது புதுசு இல்ல, ஆனா அந்த ஞானம் எவ்வளவு பழசுன்னு நெனச்சா மலைப்பா இருக்கு.

மத்தியப் பிரதேசத்துல பாறை ஓவியம் இருக்க பீம்பேட்காவும் எடத்த பாத்துத்தான் கெடச்சுது. 1957ல வாகண்கர்னு ஒரு தொல்லியல்காரரு ரயில்ல போய்க்கிட்டு இருக்கும்போது சன்னல் வழியா தூரத்துல பாறைகள பாத்திருக்காரு, ஸ்பெயின்லயும் பிரான்ஸ்லயும் ஓவியம் இருந்த பாறை மாதிரியே இருக்கேன்னு எறங்கிப் போய் பாத்தா உள்ள மானும் யானையும் ஆடுற மனுசங்களும். கற்கால மனுசன் எந்த மாதிரி எடத்த தேடுவான்னு புரிஞ்ச கண்ணு, அவ்வளவுதான். இந்தோனேசியாவுல சுலவேசித் தீவுல லேயாங் கரம்புவாங் குகையில ஒரு காட்டுப் பன்னியும் மூணு மனுச உருவமும் இருக்க படம், 51,200 வருசமாவது ஆகியிருக்கும்னு 2024ல தேதி சொன்னாங்க. படத்துக்கு மேல சுண்ணாம்பு கசிஞ்சு படிஞ்சிருக்குல்லா, அந்தப் படிவத்துல இருக்க யுரேனியத்த வச்சு கணக்கு போடுதாங்க, படிவத்துக்கு என்ன வயசோ அதவிட படம் மூத்தது. ஐரோப்பாக்காரங்கதான் மொதல்ல வரைஞ்சாங்கங்கிற பேச்சு இதோட முடிஞ்சுது.

சரி, நம்ம பக்கம் இதெல்லாம் இல்லையான்னு கேப்பீங்க. குகை ஓவியம் விழுப்புரம் கீழ்வாலை, நீலகிரி கரிக்கையூர், கிருஷ்ணகிரி மல்லப்பாடின்னு வடக்க மேற்க இருக்கு. நம்ம கடற்கரைப் பக்கம் வேற ஒண்ணு இருக்கு. தேரி. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் செக்கச்செவேல்னு மணல் மேடு போகுதே, பனையும் கொல்லா (முந்திரி) மரமுமா, அந்த மணலுக்கு அடியில கையகலம் கூட இல்லாத சின்னச் சின்ன கல்லாயுதம் கெடக்கு. நம்ம நாட்டுல கல்லாயுதம் தேடுன ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்துலயே இது தெரிஞ்சுது, 1956ல சாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இத பத்தி விரிவா எழுதுனாங்க, சுமார் 6,000 வருசத்துக்கு முந்தினதுன்னு கணிச்சாங்க. மிருகம் வேட்டையாடி, கழிமுகத்துல மீன் புடிச்சு, மணல் மேட்டு மறைவுல தங்குன ஆளுக. ஒரு தடவ எங்க சித்தப்பா கொல்லாங்காட்டுல அந்த மாதிரி ஒண்ண கையில எடுத்துப் பாத்தேன். சுண்டு விரல் நகத்த விட கொஞ்சம் பெருசு, பிறை வடிவம். ஒரு பக்கம் நேரா கூரா இருக்கு, வளைஞ்ச பக்கத்துல மட்டும் பல்லு பல்லா தட்டி மழுக்கியிருக்காங்க, அம்புத் தண்டுல பிசின் போட்டு பதிக்குறதுக்கு. வெங்கச்சங்கல்லுதான், ஆனா மண்ணுல கெடந்து கெடந்து தேரி செகப்பு உள்ள எறங்கியிருக்கு. அந்தக் கல்லோட வளைவ பாத்தா இது வெறும் ஆயுதம்னு சொல்ல மனசு வரல. எவ்வளவு சின்னது, எவ்வளவு சீரா வளைச்சிருக்காங்க! எடுத்த எடத்துலயே வச்சுட்டு வந்தேன், நீங்களும் பாத்தா அப்படியே விட்டுருங்க, எடம் மாறிட்டா அது வெறும் கல்லு, அது கெடந்த மணல் அடுக்குதான் அதோட வயச சொல்லும்.

அப்புறம் ஆதிச்சநல்லூர் ஓடு ஒண்ணு இருக்கு. 2004ல தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில தோண்டும்போது தாழிக்குள்ள கெடச்ச பானை ஓடு. அதுல உருவங்கள வரையல, மண்ண உருட்டி உருட்டி ஒட்டியிருக்காங்க. ஒரு பொம்பள நிக்கா, பக்கத்துல கதிர் மாதிரி நிக்கிற பயிரு, ஒரு கொக்கு, ஒரு மானு, ஒரு முதலை. நல்லா யோசிச்சுப் பாருங்க, கொக்கு வயல்ல இருக்கும், முதலை ஆத்துல கெடக்கும், மான் காட்டுல இருந்து வரும். பரம்புல நின்னு சுத்திப் பாத்தா கண்ணுக்கு என்னென்ன தெரியுமோ அத ஒரு கையளவு ஓட்டுக்குள்ள வச்சு, அதயும் செத்தவங்க கூட உள்ள வச்சுட்டாங்கன்னு நான் எடுத்துக்கிடுதேன். நெல்லையில இருந்து ஒரு புத்தகம் போடணும்னா அட்டைப் படத்துக்கு நான் இந்த ஓட்டத்தான் சொல்லுவேன்.

கட்டடத்துக்கு வாரேன். துருக்கியில கோபெக்லி தெபே. கிமு 9500 வாக்குல கட்டுனது, இன்னும் மண்பானையே வராத காலம், வெவசாயம் சரியா தொடங்கல, இரும்பு செம்பு எதுவும் கெடையாது. 1963லயே ஒரு குழு வந்து பாத்துட்டு மேல கெடந்த கல்ல ஏதோ பிற்கால இடுகாடுன்னு நெனச்சு போயிருச்சு. 1994ல வந்த கிளாவுஸ் ஷ்மிட்டுங்கிற ஜெர்மன் தொல்லியல்காரருக்குத்தான் அந்த மேடு வேறன்னு பட்டுச்சு. தோண்டுனா ஆங்கில டி எழுத்து மாதிரி தூணுக, நடுத் தூணு அஞ்சரை மீட்டர் உயரம். அது தூணு கெடையாது, ஆளு. ரெண்டு பக்கமும் கை வளைஞ்சு வந்து வயித்து மேல விரல் சேருது, இடுப்புல பட்டை, அதுல தொங்குற நரித்தோலு. மத்த தூணுகள்ல நரி, பாம்பு, தேளு, கழுகு. இதுல எனக்கு முக்கியமா படுறது தரை. சில வட்டங்கள்ல தரைன்னு தனியா போடவே இல்ல, மலையோட பாறையவே நெரவி சமமாக்கி, தூணு நிக்கிற பீடத்தயும் அதே பாறையில விட்டு வச்சு செதுக்கியிருக்காங்க. கல்லும் அங்கயே பக்கத்துல வெட்டுனது, சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்கா இருக்குறதால பக்கவாட்டுல வெட்டிட்டு அடியில நெம்புனா பலகையா கெளம்பிரும். பாதியில விட்டுட்டுப் போன ஒரு தூணு, ஏழு மீட்டர் நீளம், இன்னும் மலையிலயே ஒட்டிக் கெடக்கு.

இத நம்ம பொத்தை (சின்னப் பாறை மலை) பக்கம் கல்லு உடைக்கிற ஒரு அண்ணாச்சிட்ட போன்ல படம் காட்டி பேசிகிட்டு இருந்தேன். எங்க வேலைக்கு மதில் கல்லு, படிக்கட்டுக் கல்லு அவர்ட்டதான் வாங்குறது. படத்த ரெண்டு விரலால பெருசாக்கி பாத்துட்டு, "சுண்ணாம்புக் கல்லு மெதுவு தம்பி, ஏறும். நம்ம கல்லுல இது நடக்காது"ன்னாரு. அப்புறம் ஒரு கல்லு முன்னாடி உக்காந்து சுத்தியலால அங்கங்க தட்டிக் காட்டுனாரு. "கிண்ணுன்னு வருதா, இது முழுக் கல்லு. இங்கன கேளுங்க, பொதுக்குனு வருதுல்லா, உள்ள வெடிப்பு ஓடுது. எந்தப் பக்கம் பொளக்கும்னு கல்லே சொல்லிரும், நீங்க சும்மா சம்மட்டிய போட்டியள்னா கோணக்க மாணக்க போயிரும்." சொல்லிட்டு வரிசையா சின்ன குழி எடுத்து ஆப்பு எறக்கி ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி தட்டுனாரு, ஒரே வாட்டி அடிக்கல, கொஞ்சம் கொஞ்சமா. சட்டுனு ஒரு சத்தம், நூல் புடிச்ச மாதிரி பொளந்துருச்சு.

ஸ்காட்லாந்துக்கு வடக்க ஓர்க்னி தீவுல ஸ்காரா பிரே, 5,000 வருசத்துக்கு முந்தின ஊரு, மரம் கொறவுன்னு கட்டில் அலமாரி எல்லாமே கல்லுல. உக்ரைன்ல மெஜிரிச்ல கல்லும் இல்ல மரமும் இல்லன்னு மாமூத் யானை எலும்ப அடுக்கி வீடு. கெடக்கிறத வச்சு கட்டுறதுன்னா இதுதான்.

ஆனா பிளான் போடுறவனா என்ன தூங்கவிடாம பண்ணுனது அயர்லாந்துல இருக்க நியூகிரேஞ்ச்தான். கிமு 3200 வாக்குல கட்டுனது, எகிப்து பிரமிடுகள விட மூத்தது. பெரிய கல் மேடு, குறுக்க 85 மீட்டர், உள்ள போக 19 மீட்டர் நீளத்துக்கு ஒடுக்கமான வழி, கடைசியில ஒரு அறை. வாசலுக்கு மேல தனியா ஒரு சின்ன சன்னல் மாதிரி விட்டிருக்காங்க. டிசம்பர்ல பகல் ரொம்ப கொறைஞ்ச நாள் காலையில சூரியன் ஏறும்போது அந்த சன்னல் வழியா வெளிச்சம் நேரா உள்ள அறை வரைக்கும் போகும், 17 நிமிசம் இருக்கும், அவ்வளவுதான். ஓ'கெல்லிங்கிற தொல்லியல்காரர் ஊர்க்காரங்க இப்படி ஒரு பேச்சு பேசுறாங்களேன்னு 1967 டிசம்பர் 21 விடிய முந்தியே உள்ள போய் தனியா நின்னு பாத்திருக்காரு, வெளிச்சம் வந்துச்சு. ஆயிரக்கணக்கான வருசத்துல அத மொதல்ல பாத்த ஆளு அவராத்தான் இருக்கணும். எல்லாரும் இந்த வெளிச்சக் கதையோட நிறுத்திக்கிடுவாங்க. கூரைய பாருங்க நீங்க! ஒவ்வொரு வரிசைக் கல்லயும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளி வச்சு ஆறு மீட்டர் உயரத்துக்கு ஏத்தி மேல ஒரே கல்லால மூடியிருக்காங்க, சாந்து கெடையாது. கூரைக் கல்லுகளுக்கு மேல் பக்கத்துல தண்ணி வழிஞ்சு வெளிய ஓட வாய்க்கால் மாதிரி கொத்தியிருக்காங்க, இடுக்குல சுட்ட மண்ணையும் கடல் மணலையும் வச்சு அடைச்சிருக்காங்க. அயர்லாந்து மழை நம்ம மழை மாதிரி ரெண்டு மாசத்தோட போறது இல்ல, வருசம் பூரா நசநசன்னு பெய்யும். 5,000 வருசமா அந்த அறை ஒழுகல. நான் பாத்த எத்தனையோ மொட்டை மாடி அஞ்சாவது வருசமே ஓதம் அடிச்சு, சுண்ணாம்பு உப்பி, சீலிங்ல கம்பி துரு புடிச்சு கெடக்கு. தண்ணி எங்க போகும்னு முன்னாடியே யோசிச்சாங்க, நாம அப்புறமா கெமிக்கல் பூசுதோம்.

சரி, எல்லாமே அந்தந்த எடத்துக்கு பொருந்திப் போறதுதான்னா இங்கிலாந்துல பெரிய கல்லுகள வட்டமா நட்டு வச்சிருக்க ஸ்டோன்ஹெஞ்ச என்ன சொல்றது? இதுல நான் ரொம்ப நாள் தட்டிகிட்டு நின்னேன். அங்க இருக்க பெரிய நிமிர்ந்த கல்லு சுமார் 25 கிலோமீட்டர்லருந்து வந்தது, சரி. நீலக்கல்லுன்னு சொல்றது வேல்ஸ் மலையில இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல. நடுவுல படுத்துக் கெடக்க பலிபீடக் கல்லு, ஆறு டன்னு, அது ஸ்காட்லாந்தோட வடகிழக்குப் பகுதியில இருந்து வந்ததுன்னு 2024ல கண்டுபுடிச்சாங்க, 700 கிலோமீட்டருக்கு மேல. பக்கத்துலயே கல்லு கெடக்கும்போது எதுக்கு அவ்வளவு தூரம்? எனக்கு தோணுறது, அவங்களுக்கு கல்லுன்னா வெறும் சாமான் இல்ல, அது எந்த ஊரு மலையோ அந்த ஊராவே இருந்திருக்கும். பிடிமண்ணு எடுத்துட்டுப் போய் வேற ஊர்ல சாமிக்கு பீடம் போடுற பழக்கம் நம்மகிட்ட இருக்குல்லா. எங்க தாத்தா காலத்துல குலசாமி கோயில்லருந்து மண்ணெடுத்துட்டு வந்துதான் இங்க சுடலைக்கு பீடம் போட்டாங்க. அவங்க மண்ணுக்கு பதிலா ஆறு டன்னு கல்ல எடுத்துட்டுப் போயிருக்காங்க, அதனால ஸ்டோன்ஹெஞ்ச்லயும் எடம்தான் விசயம்னு நான் உறுதியா நம்புறேன்.

இவ்வளவு எழுதுறப்போ ஒரு கோவத்தயும் சொல்லித்தான் ஆகணும். நம்ம மாவட்டத்துல எத்தனை பொத்தை இன்னைக்கு பொத்தையா இருக்கு? நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது பஸ்ல போகும்போது அடையாளத்துக்கு பாத்த பொத்தை, இப்போ அங்க குழி. வெடி வச்சு எடுத்து எம் சாண்டா அரைச்சாச்சு. கல்லு இல்லாம வீடு இல்லங்கிறது வீட்டு வேலை பாக்குற எனக்கு தெரியாதா? தெரியும். ஆனா ஒரு மலைய உடைக்க உத்தரவு குடுக்குறதுக்கு முன்னாடி அதுல ஒதுக்குப் பாறை இருக்கா, பழைய கல்வட்டம் இருக்கா, தாழி ஓடு கெடக்கான்னு ஒரு ஆளு நடந்து பாத்துட்டு வரலாம், ஒரு நாள் வேலை. எங்க ஊர் குளத்துல வண்டல் அள்ளுனப்போ மிஷின் வாளியில தாழி தாழியா ஒடைஞ்சு வந்துச்சு. செகப்பும் கருப்புமா வழுவழுன்னு ஓடு, லாரியில மண்ணோட மண்ணா ஏறி யார் வீட்டு அடிமட்டத்துலயோ போய் விழுந்துருச்சு. நின்னு பாத்தவங்க "மதமதக்கா தாழில்லா, அது கெடக்கு நெறைய"ன்னுட்டு போயிட்டாங்க. நெறைய கெடக்குன்னு நெனச்சு நெனச்சுத்தான் இல்லாம ஆகுது. உங்க ஊர்ல அப்படி ஏதாவது தட்டுப்பட்டா கைய வைக்காம போட்டோ எடுத்து விஏஓட்டயோ தொல்லியல் துறையிலயோ சொல்லுங்க, துலுக்கர்பட்டியில நம்பியாத்து கரையில நடந்த தோண்டல்ல கீறல் போட்ட ஓடு மட்டும் ஆயிரக்கணக்குல கெடச்சுது, அதுவும் மொதல்ல யாரோ ஒருத்தர் கண்ணுல சாதாரண ஓடா பட்டதுதான்.

ஸ்டோன்ஹெஞ்ச் படத்தயும் அந்த அண்ணாச்சிட்ட காட்டுனேன். நிமிர்ந்த கல்லு தலையில குடுமி விட்டு, மேல போட்ட கல்லுல துளை எடுத்து, நம்ம ஆசாரி நிலைக்கு மாட்டுவாங்கல்லா அதே மாதிரி கல்லுல மாட்டியிருக்காங்க, அத ரொம்ப நேரம் பாத்தாரு. ஆறு டன்ன எப்படிண்ணே கொண்டு போயிருப்பாங்கன்னு கேட்டேன். அவரு அதுக்கு பதில் சொல்லல, "கயிறு என்ன கயிறு?"ன்னு கேட்டாரு. அங்க கயிறு எதுவும் மிஞ்சல, ஆனா அதுக்கும் ரொம்ப முந்தி, பிரான்ஸ்ல லாஸ்கோ குகைக்குள்ள ஒரு கயித்துத் துண்டு 1953ல கெடச்சுது, சுமார் 17,000 வருசம் இருக்கும், பிரி பிரியா சேத்து முறுக்குனதுன்னு சொன்னேன். "பிரி சேத்தா?"ன்னு நிமிந்து பாத்தாரு. "அப்போ சரியாத்தான் முறுக்கியிருக்காவ. எத்தன மொத்தம்னு சொன்னாங்களா?" ஏழு மில்லிமீட்டர் இருக்கும்னேன். விரல வச்சு அளந்து பாத்துட்டு, அது இழுக்குறதுக்கு பத்தாது, மேல ஏற புடிச்சுக்கிட கட்டியிருப்பாவ, கல்லு இழுக்கணும்னா மணிக்கட்டு தண்டிக்கு வேணும், அதுக்கு நாரு எங்கருந்து எடுத்தாங்கன்னு பாத்து சொல்லுங்கன்னாரு. அதத்தான் இப்போ தேடிகிட்டு இருக்கேன்.